புளூபேர்டின் சாதனை மோசடியா?

கேள்வி: அமெரிக்கர் கிரெய்க் பிரீட்லவ் 1963 ஆகஸ்டிலேயே மணிக்கு 655 கி.மீ. வேகத்தில் கார் ஓட்டிக் காட்டிவிட்டார். மறு ஆண்டு 648 கி.மீ. மட்டுமே தொட்ட டொனால்ட் கேம்பலுக்கு உலக சாதனை என்று எழுதிக் கொடுத்தது மோசடிதானே? இரண்டு காரிலும் இருந்தது ஜெட் எஞ்சின்தானே?
- வாசகர், மதுரை

பதில்: எண்கள் சரி. கடைசி வரிதான் தப்பு, உங்கள் கேள்வி முழுக்க அந்தத் தப்பின் மேல்தான் நிற்கிறது.

பிரீட்லவின் வண்டியில் இருந்தது போர் விமானத்து ஜெட் எஞ்சின். அது பின்பக்கம் சீறும் வேகத்தில் வண்டி முன்னால் பாய்ந்தது. அதன் மூன்று சக்கரங்களுக்கும் உருள்வதைத் தவிர வேறு வேலை இல்லை.

கேம்பலின் 'புளூபேர்ட்' அப்படிப்பட்டதல்ல. அதில் இருந்த 'புரோட்டியஸ்', பிரிட்டானியா பயணிகள் விமானத்தில் புரொப்பெல்லரைச் சுற்றிய எஞ்சின். சூடான வாயு டர்பைனைச் சுழற்றும். அந்தச் சுழற்சி எஞ்சினின் இரு முனைகளிலிருந்தும் தண்டு வழியாக முன்னும் பின்னும் உள்ள கியர்பாக்ஸுகளுக்குப் போய், நான்கு சக்கரங்களையும் திருப்பும். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைத்திறன், டயர் தரையைத் தொடும் அந்தச் சின்ன இடத்தின் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும்.

சேற்றில் சிக்கிய ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து நாலு பேர் தள்ளினால் நகர்ந்துவிடும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றிக் குழி பறிக்கும். கேம்பலுக்கு ஆஸ்திரேலியாவின் ஏர் ஏரியில் வாய்த்தது அந்தப் பாடுதான். பல ஆண்டுகளாகக் காய்ந்து கிடந்த உப்பு ஏரி என்று நம்பிப் போனார்கள். 1963இல் அவர் போன நேரம் பார்த்து மழை கொட்டி, ஓடுபாதையே வெள்ளத்தில் போனது. மறு ஆண்டும் உப்பு முழுசாகக் காயவில்லை.

1964 ஜூலை 17 அன்று அந்த ஈர உப்பில்தான் ஓட்டினார். நான்கு டன் கார் போன வழியெல்லாம் டயர்கள் தடம் பறித்திருந்தன. விதிப்படி ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த்திசையிலும் ஓடியாக வேண்டும். ஓடினார். இரண்டு ஓட்டத்துக்கும் ஒரே வேகம் பதிவானது: மணிக்கு 403.1 மைல், அதாவது 648.7 கி.மீ. அந்தத் தரையில் இரண்டு முறையும் ஒரே வேகம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். அதற்கு நான்கு ஆண்டு முன்னால், 1960 செப்டம்பரில், அமெரிக்காவின் பான்வில்லில் இதே கார் சுமார் 580 கி.மீ. வேகத்தில் தூக்கியெறியப்பட்டு, அவருக்கு மண்டையோடு விரிசல் கண்டது. செவிப்பறையும் கிழிந்தது. காரைத் திரும்பக் கட்டி, நிலை குலையாமலிருக்க உயரமான வால்துடுப்பு வைத்து, மறுபடியும் அதே இருக்கையில் ஏறி உட்கார்ந்த மனிதர் அவர்.

சரி, விதிக்கு வருவோம். சர்வதேச மோட்டார் கூட்டமைப்பு அன்றைக்குக் கார் என்று ஏற்க, நான்கு சக்கரம் வேண்டும், அதில் இரண்டையாவது எஞ்சின் இயக்க வேண்டும். பிரீட்லவின் வண்டி இரண்டிலும் சேராது, அதனால் மோட்டார் சைக்கிள் கூட்டமைப்புதான் அதைப் பதிவு செய்தது. கேம்பல் முறியடித்தது ஜான் காப் 1947இல் வைத்த 634 கி.மீ. சாதனையை. அதுவும் சக்கரத்தை இயக்கி ஓடிய கார்தான். இதில் மோசடி எங்கே? அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். புளூபேர்டை 800 கி.மீ. வேகத்துக்கென்று வடிவமைத்தார்கள், அதை எட்டவில்லை. கேம்பலுக்கே அதில் மனக்குறை உண்டு. அதே 1964 அக்டோபரில் பிரீட்லவ் ஜெட் வண்டியில் 847 கி.மீ. போய்விட்டார். மறு ஆண்டு நவம்பரில் 'கோல்டன்ராட்' என்ற கார், நான்கு பிஸ்டன் எஞ்சின்களோடு, சக்கரத்தை இயக்கும் வகையிலும் கேம்பலை முந்தியது. ஆனால் டர்பைனால் சக்கரத்தைச் சுழற்றும் யோசனையே தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. 2001 அக்டோபரில் டான் வெஸ்கோ, ஹெலிகாப்டர் டர்பைன் பூட்டிய 'டர்பினேட்டர்' காரின் சக்கரங்களை இயக்கியே 737 கி.மீ. தொட்டார். ஓட்டியது கேம்பல் அடிபட்டு விழுந்த அதே பான்வில் உப்புத் தரையில்.