ஏற்காட்டுப் பக்கம் விவசாயம் பார்க்கும் பெண்களுக்குத் தொழிற்பயிற்சி உண்மையிலேயே உதவுமா?

உதவும், அவர்கள் தோட்டத்தில் விளைவதை வைத்துச் சொல்லித்தந்தால். மிளகையே எடுத்துக்கொள்ளுங்கள். சேர்வராயன் மலையில் சில்வர் ஓக் மரங்களில் கொடி ஏறியிருக்கும். கொத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் பறித்து, உதிர்த்து, அப்படியே வெயிலில் கொட்டுவார்கள். அந்த மணிகளைத் துணியில் தளர்வாகக் கட்டி, கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துத் தார்ப்பாயில் பரப்பிப் பாருங்கள். ஒரே சீராகக் கறுக்கும். நல்ல வெயிலில் 3, 4 நாளில் காய்ந்தும்விடும். மிஷின் எதுவும் வேண்டாம். நிறம் திட்டுத்திட்டாக இருந்தால் வியாபாரி அதைக் காட்டியே விலையை இறக்குவார். ஒரே சீராகக் கறுத்திருந்தால் அந்த வாய்ப்பு அவருக்கு இருக்காது.

எங்கே கற்பது? மலைக்குக் கீழே, சேலம் பக்கம் சந்தியூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஏற்காட்டிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் உண்டு. சந்தியூர் என்றால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற வேண்டும். பிள்ளைகளையும் மாட்டையும் விட்டுவிட்டு யாரால் தினமும் போக முடியும்? அதனால் குழுவாகச் சேர்ந்து, ஊருக்கே வந்து நடத்தச் சொல்லிக் கேளுங்கள். வேளாண் அறிவியல் நிலையங்கள் கிராமத்திலும் பயிற்சி நடத்துவது வழக்கம்தான். தயங்காமல் கேட்கலாம்.

அப்புறம் முதலீடு. பட்டா பெரும்பாலும் கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோதான் இருக்கும். 1989இல் பக்கத்துத் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு முறை இங்கேதான் கைகொடுக்கிறது: குழுவாக வாங்கும் வங்கிக் கடனுக்கு நிலத்தை ஈடு வைக்க வேண்டியதில்லை. தார்ப்பாய், தராசு, பாக்கெட் ஒட்டும் கருவி எல்லாம் அதில் வாங்கிவிடலாம்.