ஜெர்மனும் நாள் கணக்கும் – கடிதம்

அன்புள்ள சார்,

மூன்று ஆண்டுகளாக ஜெர்மன் படிக்கிறேன். செயலியில் ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. இடைநிலையான பி1 தேர்விலும் தேறிவிட்டேன். ஆனால் இப்போது புத்தகத்தைத் திறந்தாலே சலிப்பும் படபடப்பும்தான். விடாமுயற்சி இருந்தால் போதும் என்கிறார் நண்பர். சந்தோஷம் இல்லையென்றால் விட்டுவிடு, மனநிம்மதிதான் முக்கியம் என்கிறாள் மனைவி. நாற்பதுக்கு மேல் மொழி வருமா என்ற சந்தேகமும் உண்டு. தப்பாகிவிடுமோ என்ற பயத்தில், தேர்வைத் தவிர வேறெங்கும் யாரிடமும் ஜெர்மனில் பேசியதில்லை. தொடரலாமா, விட்டுவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வயதைத் தூக்கி ஓரமாக வையுங்கள். குழந்தையின் உச்சரிப்பு உங்களுக்கு வராது, வராவிட்டால் குடிமுழுகிப் போய்விடாது. செயலி நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்கும் நான் வரவில்லை.

என்னை உறுத்தியது வேறு. மூன்று ஆண்டு படித்தவர் எழுதிய கடிதத்தில், படித்து ரசித்த ஒரே ஒரு ஜெர்மன் வாக்கியமாவது இருக்க வேண்டாமா? சிரித்த இடம், எரிச்சல்பட்ட இடம், எதுவும் இல்லை. நாள் தவறவில்லை என்ற கணக்குதான் இருக்கிறது. இதை விடாமுயற்சி என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் நடத்திக்கொண்டிருப்பது வருகைப் பதிவேடு.

உளவியலாளர் ஏஞ்சலா டக்வர்த்தும் சக ஆய்வாளர்களும் 2007இல் 'கிரிட்' என்ற விடாப்பிடிக் குணத்தைப் பற்றி எழுதியபோது அதில் இரண்டு பாகங்களைச் சொன்னார்கள். ஒன்று உழைப்பில் தளராமை, மற்றது ஆர்வம் மாறாமை. மேடைப் பேச்சாளர்கள் முதல் பாகத்தைப் பிடித்துக்கொண்டார்கள், இரண்டாவதை அம்போவென்று விட்டுவிட்டார்கள். இதைச் சொன்னால் உங்கள் நண்பர் 2017இல் வந்த மார்க்கஸ் கிரிடே குழுவின் தொகுப்பாய்வை, அதாவது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வை, காட்டக்கூடும். படிப்பில் வெற்றியோடு கூடுதலாக ஒத்துப்போவது உழைப்புப் பாகம்தான் என்கிறது அது. இருக்கட்டுமே. தேர்வில்தான் நீங்கள் தேறியாயிற்றே!

நான் மாலை நேரத்தில் ஜெர்மன் படித்தபோது வகுப்பில் ஒரு பெரியவர் இருந்தார், பணி ஓய்வு பெற்றவர். டெர், டீ, டாஸ் என்று பெயர்ச்சொல்லின் பாலுக்கேற்ப அதற்கு முன்னால் எதைப் போடுவது என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொள்வோம். அவர் எல்லாவற்றுக்கும் டீதான். மேசைக்கும் டீ, நாய்க்கும் டீ. ஆசிரியை பல்லைக் கடிப்பார்.

ஒருநாள் 'வைல்' பாடம் வந்தது. காரணம் சொல்லும் இணைப்புச்சொல் அது. அது வந்துவிட்டால் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்கு ஓடிவிடும். ஆங்கிலம் வழியாகவே ஜெர்மனைப் பார்த்துப் பழகிய நாங்கள் முனகினோம். பெரியவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "இப்பதான் மேடம் இவங்க ஒழுங்கா பேச ஆரம்பிக்கிறாங்க! நாமளும் வினையைக் கடைசியிலதானே வைக்கிறோம்?" எங்கள் யாருக்கும் தோன்றாத விஷயம். அன்று முழுக்க அவர் வாயில் வைல்தான். ஏன் வீட்டுப்பாடம் எழுதவில்லை? வைல் இஷ் ம்யூடெ பின், களைப்பாக இருப்பதால். ஏன் களைப்பு? வைல் இஷ் ஆல்ட் பின், வயதாகிவிட்டதால். ஆசிரியை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவரைப் பயமறியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். வாய்மொழித் தேர்வுக்கு முன்னால் அவர் கை நடுங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். மொழி கற்றலை ஆராயும் டெவாலேயும் மெக்கின்டையரும் 2014இல் பிறமொழி கற்கும் 1,746 பேரிடம் விசாரித்து எழுதியதைப் பின்னால் படித்தபோது அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது. கற்பதில் வரும் மகிழ்ச்சியும் பதற்றமும் தராசின் இரு தட்டுகள் போல ஏறி இறங்குவதில்லை, ஒரே ஆளிடம் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்கிறார்கள். அந்த மகிழ்ச்சியில் தனக்குள் அனுபவிப்பது ஒரு பங்கு, மற்றவர்களோடு சேர்ந்து வருவது ஒரு பங்கு என்றும் பிறகு பிரித்துக் காட்டினார்கள். பெரியவர் அடுத்த நிலைக்கும் வந்தார், அதற்கடுத்ததற்கும் வந்தார். டெர், டீ, டாஸ் அட்டவணையைத் தூக்கத்தில் ஒப்பித்த பலர் பாதியில் நின்றுவிட்டார்கள்.

நீங்களோ பயம் போகட்டும், பிறகு பேசலாம் என்று காத்திருக்கிறீர்கள். பேசாமல் அது எப்படிப் போகும்? மூன்று வருடம் ஒரு மொழியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதரிடம் வாய் திறக்கவில்லை, ஒருவரைச் சிரிக்கவைக்கவில்லை, ஒருவரிடம் திட்டு வாங்கவில்லை. அப்புறம் சந்தோஷம் வரவில்லை என்று எனக்குக் கடிதம்!

கோபித்துக்கொள்ளாதீர்கள். வேலை, குடும்பம் எல்லாம் போக மிச்சமிருக்கும் நேரத்தில் தனியாக உட்கார்ந்து படிக்கிறவரின் அலுப்பு எனக்குத் தெரியாததல்ல. படபடப்பு தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் மனைவி சொல்வதைக் கேட்டு ஒரு மாதம் மூடிவையுங்கள். படித்தது எங்கும் ஓடிவிடாது. செயலியின் நாள் கணக்கு அறுந்தால் அறுந்துபோகட்டும், உண்மையில் அது அறுவது நல்லது.

பிறகு இணையத்திலோ நேரிலோ ஒரே ஒருவரைப் பிடியுங்கள். பத்து நிமிடம் பேசுங்கள். அவருக்குப் புரிந்ததா என்று மட்டும் பாருங்கள், இலக்கணத்தை அப்போது பார்க்க வேண்டாம். சில வாரம் இப்படிப் பேசிய பிறகும் ஜெர்மன் வேண்டாம் என்றே தோன்றினால் தாராளமாக விட்டுவிடுங்கள், நான் தடுக்க மாட்டேன். பேசாமலே விடுகிறேன் என்றால் மட்டும் என்னிடம் அனுமதி கேட்காதீர்கள்.