இத்தாலியக் கடலோரக் கிராமங்களில் எங்கே சாப்பிடலாம்?

கேள்வி: செப்டம்பரில் அப்பா, அம்மாவுடன் பத்து நாள் இத்தாலி போகிறோம். ஜெனோவா பக்கம் பாதி நாள், அமால்ஃபி கடற்கரையில் பாதி நாள். அப்பாவுக்கு மீன் என்றால் உயிர். அம்மா சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவார். முழங்கால் வலியும் உண்டு. ஊர் திரும்பிய பிறகும் பேசிக்கொண்டிருக்கும்படி இரண்டு மூன்று வேளையாவது சாப்பிட வேண்டும். இணையத்தில் பார்த்தால் எல்லா உணவகங்களும் ஒரே மாதிரி அழகாக இருக்கின்றன. எதை நம்பிப் போவது?

பதில்: முதலில் பண்டத்தை முடிவு செய்யுங்கள், அப்புறம் ஊரை, கடைசியாக உணவகத்தை. இத்தாலியில் சின்னஞ்சிறு மீனவ ஊருக்கும் தன் பேர் சொல்லும் ஒரு பண்டம் இருக்கும். அடுத்த வளைகுடா தாண்டினால் அதையே அந்த அக்கறையோடு செய்ய ஆள் இருக்காது. மேசையிலிருந்து கடல் தெரிகிறதா என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்பாவுக்கு என் முதல் தேர்வு செட்டாரா. சலேர்னோவுக்கும் அமால்ஃபிக்கும் நடுவில் உள்ள ஊர். அதே கடற்கரையின் பேர்பெற்ற ஊரான பொசிட்டானோவுக்குக் குவியும் கூட்டத்தில் பெரும்பாலோர் இங்கே இறங்குவதில்லை. நெத்திலிதான் இந்த ஊரின் வாழ்வு. மார்ச் கடைசி முதல் ஜூலை வரை பிடிக்கும் நெத்திலியைத் தலையும் குடலும் நீக்கி, சிறிய மரப்பீப்பாயில் ஓர் அடுக்கு மீன், ஓர் அடுக்கு உப்பு என்று வைத்து, மேலே கல்லை ஏற்றிவிடுவார்கள். மாதக்கணக்கில் ஊறி, பீப்பாயின் அடியில் போட்ட துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும் தேன் நிறச் சாறுதான் ‘கொலாத்தூரா தி அலீச்சி’. பழைய ரோமானியர்கள் சமையலில் ஊற்றிய ‘காரும்’ என்ற மீன் சாற்றின் வழிவந்தது என்று இதைச் சொல்வார்கள். 2020-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் கிடைத்தது.

இதைச் சாப்பிடும் முறை எளிமையானது. ஸ்பகெட்டியை உப்பே போடாமல் வேக வைத்து, பூண்டு, ஆலிவ் எண்ணெய், பார்ஸ்லி, கொஞ்சம் மிளகாயோடு இந்தச் சாற்றைச் சேர்த்துப் பிரட்டுவார்கள். சாற்றை அடுப்பில் வைப்பதே இல்லை. பார்க்க வெறும் நூடுல்ஸ் போல இருக்கும். முதல் வாயிலேயே கடல் முழுவதும் நாக்கில் வந்து நிற்கும். கருவாட்டு வாசனையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பழைய மடாலயக் கட்டடத்தில் இயங்கும் ‘அல் கொன்வென்தோ’, ‘அக்வாபாட்ஸா’ இரண்டும் இதற்குப் பேர்பெற்றவை. கோடைக்காலத்தில் சலேர்னோவிலிருந்து படகு வரும், இறங்கினால் ஊர் கண்ணெதிரில். அம்மாவின் முழங்காலுக்கும் நல்லது. ஆனால் அந்த ஒரு வேளை அம்மாவுக்குத் தக்காளி பாஸ்டாவோடு முடிந்துவிடக்கூடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, அம்மாவுக்கான ஊர் வடக்கே இருக்கிறது. ஜெனோவாவிலிருந்து ரயிலில் சிறிது தூரத்தில் ரெக்கோ. இரண்டாம் உலகப் போரில் ரயில் பாலத்தைக் குறிவைத்து விழுந்த குண்டுகளில் ஊரே தரைமட்டமாகிவிட்டது. இன்று இருப்பது பிறகு கட்டியது. புகைப்படம் எடுக்க ஆசை வராது. அதனாலேயே பயணிகள் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். ஏனென்றால் இங்கே செய்யும் சீஸ் ஃபொகாச்சா என்ற தட்டை ரொட்டிக்கு இணையாக, ஜெனோவாவைச் சுற்றியுள்ள லிகூரியா மாநிலம் முழுவதும் எதையும் நான் சொல்ல மாட்டேன். ஈஸ்ட் கிடையாது. மாவைக் கையாலேயே இழுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக்கி, இரண்டு தாள்களுக்கு நடுவில் கிரெஷென்ஸா என்ற புதுச் சீஸை உருண்டை உருண்டையாக வைத்து, கடும் சூட்டில் சில நிமிடம் சுடுவார்கள். மேலே பொரபொரப்பு, உள்ளே பாலாக உருகிய சீஸ். ஆறினால் பாதிச் சுவை போய்விடும், அதனால் பொட்டலம் கட்டி வாங்காதீர்கள், உட்கார்ந்து சாப்பிடுங்கள். 1885 முதல் நடக்கும் ‘மனுவெலீனா’ இதில் மூத்த பெயர்.

அங்கேயே அம்மாவுக்கு இன்னும் இரண்டு: பெஸ்டோ என்ற பேசில் இலைச் சாஸில் உருளைக்கிழங்கும் பீன்ஸும் சேர்த்துத் தரும் ‘ட்ரோஃபியே’ பாஸ்டா, கீரையை உள்ளே வைத்து வால்நட் சாஸ் ஊற்றும் ‘பான்ஸோத்தி’ பாஸ்டா. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு மட்டும் சேர்த்து அகலமான செம்புத் தட்டில் சுடும் ‘ஃபரினாட்டா’ இந்தக் கரையோரம் பல ஊர்களில் கிடைக்கும்; அதில் பால்கூட இல்லை. சாப்பிட்டுவிட்டு அடுத்த நிலையமான கமோலிக்குப் போய் உட்காருங்கள். நீங்கள் தேடும் அழகு அங்கே இருக்கிறது.

ஒரு விஷயம் அம்மாவிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பார்மிஜானோ, பெக்கொரினோ, தெற்கத்திய புரொவொலோனே போன்ற நாள்பட முதிரவைத்த சீஸ்களைக் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால்தான் உறைய வைக்கிறார்கள். பெஸ்டோவிலும் இந்தச் சீஸ் இருக்கும். இது சம்மதமில்லை என்றால் ‘சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ’, அதாவது சீஸ் வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள். காய்கறிப் பண்டங்களிலும் நெத்திலி ஒளிந்திருக்கும் என்பதால் ‘சென்ஸா கார்னே, சென்ஸா பெஷ்ஷே, சென்ஸா அச்சூகே’ (இறைச்சி, மீன், நெத்திலி வேண்டாம்) என்று மூன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மீனை அவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சீஸ் சம்மதம் என்றால், சொரென்டோ முனைக்கு அருகிலுள்ள நெரானோவை விடாதீர்கள். சுக்கினி என்ற சுரைக்காய் வகையை வட்டமாக அரிந்து பொரித்து, உள்ளூர்ப் புரொவொலோனேயுடன் ஸ்பகெட்டியில் பிரட்டும் பண்டத்துக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. 1950-களில் ‘மரியா கிராட்ஸியா’ உணவகத்தில் பிறந்தது என்பார்கள். அந்த உணவகம் இன்றும் மரீனா தெல் கன்தோனே கடற்கரையில் இருக்கிறது. இந்த ஒரு மேசையில்தான் அப்பாவும் அம்மாவும் ஒரே தட்டைப் பார்த்து ஆசைப்படுவார்கள். சொரென்டோவிலிருந்து பேருந்து உண்டு, அடிக்கடி இல்லை. வளைவுகளும் அதிகம், காலை உணவை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பொசிட்டானோவில் ஒரே ஒரு வேளை என்றால் லவுரீத்தோ கடற்கரையிலுள்ள ‘தா அடோல்ஃபோ’. பாய்மரக் கம்பத்தில் சிவப்பு மீன் வைத்த படகு வந்து கூட்டிப்போகும். எலுமிச்சை இலையில் வைத்துச் சுட்ட மொட்ஸரெல்லா சீஸ் அங்கே விசேஷம். தரை வழியாகப் போனால் நூற்றுக்கணக்கில் படிகள், ஆகவே படகேதான்.

வடக்கே லிகூரியக் கரையிலுள்ள சிங்க்வே தெர்ரேயின் ஐந்து ஊர்களில் மான்டெரோஸ்ஸோவைத் தேர்ந்தெடுங்கள். மற்றவற்றைவிடச் சமதளம் அதிகம், நெத்திலிக்கும் அதுதான் ஊர். வெர்னாட்ஸாவில் நெத்திலியும் உருளையும் தக்காளியும் அடுக்கிச் சுடும் ‘தியான்’ அப்பாவுக்குப் பிடிக்கும். கார்னீலியாவுக்கு ரயில் நிலையத்திலிருந்து ஏறக்குறைய 380 படிகள்; சிற்றுந்து இருக்கிறது, இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

இனி பணம். முழு மீனின் விலையைப் பெரும்பாலும் ‘எத்தோ’ கணக்கில் எழுதியிருப்பார்கள். ஓர் எத்தோ என்றால் 100 கிராம். நான் முதன்முறை போனபோது அதைத் தட்டின் விலை என்று நினைத்து ஒரு பெரிய மீனைக் கேட்டுவிட்டேன். பில் வந்தபோது கை நடுங்கியது. எத்தோ 7 யூரோ என்றால் 800 கிராம் மீனுக்கு 56 யூரோ. சமைக்கும் முன்பே எடை போட்டு, விலையைச் சொல்லச் சொல்லுங்கள். நல்ல இடங்களில் இதைத் தவறாக நினைக்க மாட்டார்கள், மீனைத் தட்டில் வைத்தே கொண்டுவந்து காட்டுவார்கள். பில்லில் ‘கொபெர்தோ’ என்று ஆளுக்குச் சில யூரோ இருக்கும். அது ரொட்டிக்கும் மேசைக்குமான கட்டணம், ஏமாற்று இல்லை. பண்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் பொதுவாக உறைய வைத்த சரக்கு என்று பொருள், பட்டியலின் அடியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரமும் முக்கியம். மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்குத் தொடங்கி இரண்டரைக்குள் முடிந்துவிடும், இரவு ஏழரைக்கு முன் அடுப்பு பற்றாது. பெரிய சாப்பாட்டை மதியத்தில் வையுங்கள்: கடைசிப் படகு, பேருந்து பற்றிய கவலை இல்லை. செப்டம்பரிலும் கூட்டம் உண்டு; நெரானோவுக்கும் லவுரீத்தோவுக்கும் புறப்படும் முன்பே தொலைபேசியில் இடம் சொல்லி வையுங்கள், வார விடுமுறை எந்த நாள் என்றும் அப்போதே கேளுங்கள்.

செட்டாராவில் அப்பா கண்டிப்பாகக் கொலாத்தூரா பாட்டில் கேட்பார். 100 மில்லிக்கு மேல் என்றால் பல விமான நிலையங்களில் கைப்பையில் விட மாட்டார்கள். பெட்டியில் போடுவதே நல்லது, மூன்று பிளாஸ்டிக் பை சுற்றி, அம்மாவின் புடவைகளுக்கு எட்டாத மூலையில்.