சாதி பார்க்கிறார் என்று குரூப்பில் எழுதினேன், வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குத் தோழியின் குடும்பம் வாடகைக்கு வருவதாக இருந்தது. அட்வான்ஸ் வரை பேசி முடித்தாயிற்று. அவர்கள் பட்டியல் சாதியினர் என்று தெரிந்ததும் சங்கச் செயலாளர், "இங்கே எல்லாரும் ஒரே மாதிரி ஆட்கள், அது கெடக்கூடாது" என்று வாட்ஸப் குரூப்பில் எழுதினார், வீட்டுக்காரரிடமும் சொல்லித் தடுத்துவிட்டார். நான் அங்கேயே, "சாதியை வைத்துத்தான் வீடு கிடைக்கவிடாமல் செய்தீர்கள். நீங்கள் சாதி வெறியர். புரோக்கரிடம் காசும் வாங்கியிருப்பீர்கள்" என்று எழுதிவிட்டேன். தன் மனதில் துவேஷமே இல்லை, எல்லாருடைய நிம்மதிக்காகத்தான் சொன்னேன், 15 நாளில் மன்னிப்புக் கேட்காவிட்டால் அவதூறு வழக்கு என்று இப்போது நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். வக்கீல் நோட்டீஸ் நீதிமன்ற உத்தரவு அல்ல. அவதூறுக்குப் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடவும் முடியாது, அவரேதான் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். அவதூறு பற்றிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது 356-ஆம் பிரிவு. குற்றம் நிரூபணமானால் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும், இல்லையென்றால் சமூக சேவை. ஆனாலும் அலட்சியமாக விட்டுவிடாதீர்கள், பதில் அனுப்பியே ஆக வேண்டும்.

நீங்கள் எழுதியது மூன்று வரி, மூன்றுக்கும் சட்டத்தில் ஒரே எடை கிடையாது. முதல் வரி நடந்த செயலைப் பற்றியது. அதற்கு அவர் கைப்பட எழுதிய செய்தியே உங்கள் சாட்சி. உண்மையாக இருந்து, பொது நன்மைக்காகச் சொல்லப்பட்டால் அது அவதூறு ஆகாது. அதில் ஒரு எழுத்தைக்கூடத் திரும்பப் பெறாதீர்கள். இரண்டாவது வரி உங்கள் கருத்து. பொதுப் பிரச்சினையில் ஒருவர் நடந்துகொண்ட விதத்தையும், அந்த நடத்தையில் தெரிகிற அளவுக்கு அவருடைய குணத்தையும் நல்லெண்ணத்தோடு விமர்சிக்கலாம், அதைத் தாண்டக்கூடாது என்று 356-இல் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நல்லெண்ணம் என்றால் மனசு சுத்தமாக இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் கேட்பது, உரிய கவனத்தோடு விசாரித்துத்தான் சொன்னீர்களா என்பதை. "வெறியர்" கொஞ்சம் காட்டமான வார்த்தைதான், இருந்தாலும் அவர் எழுதியதையும் செய்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வாதாட இடம் இருக்கிறது. மூன்றாவது வரிக்கு என்ன ஆதாரம் வைத்திருக்கிறீர்கள்? இல்லையென்றால் அந்தப் புரோக்கர் விஷயத்தை மட்டும் எழுத்தில் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். வழக்கு வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் மற்ற இரண்டையும் விட்டுவிட்டு இதைத்தான் பிடித்துக்கொள்வார்.

அப்புறம் அந்த "மனதில் துவேஷம் இல்லை" என்ற வாதம். இது எனக்கு உண்மையாகவே கோபத்தைத் தருகிறது, ஏனென்றால் விவாதம் முழுவதும் அவர் நல்லவரா கெட்டவரா என்று திரும்பிவிடுகிறது, வீடு இழந்த குடும்பம் பேச்சிலேயே இல்லாமல் போய்விடுகிறது. 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள். எந்தப் பகுதியிலும் வீட்டில் குடியிருப்பதைத் தீண்டாமை காரணமாகத் தடுப்பது 4-ஆம் பிரிவின்படி குற்றம். அப்படியான செயல் பட்டியல் சாதியினர் ஒருவருக்கு எதிராக நடந்தால், தீண்டாமை காரணமாகவே நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும், அப்படியில்லை என்று நிரூபிப்பது குற்றம் சாட்டப்பட்டவரின் பொறுப்பு என்கிறது 12-ஆம் பிரிவு. அவர் மனதுக்குள் புகுந்து பார்க்க வேண்டிய வேலையை அந்தக் குடும்பத்தின் தலையில் சட்டம் கட்டவில்லை. தீண்டாமையை ஒழிக்கும் அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தனி நபர்களையும் கட்டுப்படுத்தும், அதனால் இது எங்கள் சங்கத்தின் உள்விவகாரம் என்ற பேச்சும் எடுபடாது. மதத்தைக் காரணம் காட்டி வாடகைக்கு மறுத்திருந்தால் இவ்வளவு நேரடியான மத்தியச் சட்டம் கையில் இல்லை, அது பெரிய ஓட்டை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயுமா என்றால், அங்கே நோக்கம் முக்கியம். 3(1)(ஆர்) பிரிவுக்கு, பொதுப் பார்வையில், இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதித்திருக்க வேண்டும். அந்த நோக்கம் சாதி அடையாளத்தோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் ஷாஜன் ஸ்கரியா வழக்கில் சொன்னது. செயலாளரின் அந்த ஒரு செய்தி மட்டும் அதற்குப் போதுமா என்பது எனக்குச் சந்தேகம். தோழியிடம் நேரில் என்ன சொன்னார் என்று கேளுங்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அந்தக் குடும்பம் முடிவு செய்யட்டும், உங்கள் நோட்டீஸுக்குப் பதிலடியாக அவர்களைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுக்காதீர்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: குரூப் உரையாடலை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள், உங்கள் செய்தி உட்பட எதையும் அழிக்காதீர்கள், அந்தப் போனை மாற்றாதீர்கள். மின்னணு ஆவணத்துக்கு பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், வெறும் ஸ்கிரீன்ஷாட்டைப் பிரிண்ட் எடுத்து நீட்டினால் போதாது. நோட்டீஸைக் குரூப்பில் போட்டு மறுபடியும் சண்டையைத் தொடங்க வேண்டாம். 15 நாள் கெடு முடிவதற்குள் ஒரு வக்கீல் மூலம் பதிவுத் தபாலில் பதில் போகட்டும்: புரோக்கர் பற்றிய வரி வாபஸ், மற்றதில் மாற்றமில்லை, ஆதாரம் அவருடைய சொந்தச் செய்தியே, மன்னிப்புக்கு இடமில்லை.