அடுத்த பெட்டியில் ஏறுகிறேன்

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு வயது 41. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி மும்பை வந்து 16 வருடம் ஆகிறது. வீடு டோம்பிவலியில், ஆபீஸ் சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையம் பக்கத்தில். ஒரே மகள், ஒன்பதாவது படிக்கிறாள்.

இங்கிதம் இல்லாமல் பேசுகிறவர்களை எப்படிச் சமாளிப்பது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன். தாணேயில் இருக்கும் என் ஓரகத்தி எப்போது வந்தாலும், "இன்னும் அதே சம்பளந்தானா?" என்பாள். மாடி வீட்டு மாமி லிஃப்டில் பார்த்தால், "ஒத்தைப் பொண்ணோட நிறுத்திட்டியே" என்பார். எனக்கு இரண்டு முறை கரு கலைந்தது அவருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கிறார். நான் சிரித்து மழுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன்.

போன வருடம் அப்பா இறந்தார். அடித்துப் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தவளை, கட்டிப்பிடித்த கையோடு சித்தி, "கடைசி நேரத்துல நீ பக்கத்துல இல்லாமப் போயிட்டியே" என்றார். பதினாறாம் நாள் காரியம்கூட முடியவில்லை, இன்னொருவர் வீடு யார் பேரில் இருக்கிறது என்று விசாரித்தார். சித்தி சொன்னது இன்னும் காதில் கேட்கிறது. பெற்ற மகளிடம் சொல்கிற வார்த்தையா அது?

ஊரிலிருந்து திரும்பி வேலைக்குப் போன அன்று, ரயிலில் எங்கள் கூட்டத்திலேயே மூத்தவர் ஒன்றும் கேட்காமல் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்து, ஆரஞ்சு உரித்துக் கையில் வைத்தார். அவரைத் தாயி என்போம், மராத்தியில் அக்கா. அவர் ஒருவர்தான் அப்படி. அவருடைய கணவர் போன மாதம் திடீரென்று இறந்துவிட்டார். எல்லோரும் சேர்ந்து வீட்டுக்குப் போனார்கள். நான் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். என் மராத்தி காய்கறி வாங்கத்தான் போதும், துக்கம் கேட்கப் போதாது. அவர் மறுபடி வேலைக்கு வர ஆரம்பித்ததிலிருந்து நான் கடைசி லேடீஸ் பெட்டியில் ஏறிக்கொள்கிறேன். போன வாரம் பிளாட்பாரத்தில் என்னைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது, போனைப் பார்ப்பது மாதிரி நடந்துவிட்டேன். சங்கராந்தி வந்தால் பெட்டியில் ஹல்தி குங்கு வேறு நடக்கும், பெண்கள் ஒருவருக்கொருவர் மஞ்சள் குங்குமம் வைத்துவிடுவது. சரி, அது கிடக்கட்டும்.

பொங்கலுக்கு ஓரகத்தி குடும்பத்தோடு வருகிறாள். மறுபடி சம்பளம், மறுபடி ஒத்தைப் பொண்ணு. இவர்கள் மனம் நோகாமலும், ஆனால் இனிமேல் கேட்காத மாதிரியும் என்ன பதில் சொல்வது? நாலைந்து பதில்கள் எழுதிக் கொடுத்தால் மனப்பாடம் செய்துகொள்வேன்.

இப்படிக்கு,
டோம்பிவலி வாசகி

*

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் "அது கிடக்கட்டும்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அதைக் கிடக்க விட எனக்கு மனமில்லை.

ஓரகத்தியைப் பற்றி முதலில் முடித்துவிடலாம். "சம்பளத்தைப் பத்திப் பேச வேண்டாமே, நீங்க சாப்பிடுங்க" என்று ஒரு தடவை முகம் பார்த்துச் சொல்லுங்கள். மாமியிடம், "அதைக் கேட்டா எனக்கு வலிக்குது மாமி" என்று சொல்லுங்கள். 16 வருடமாகச் சிரித்து மழுப்பியதால், வலிக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நாலைந்து பதில்களை மனப்பாடம் செய்வதால் இதற்கு மேல் ஒன்றும் வந்துவிடாது.

சித்தி சொன்னது தவறு. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியம் உங்களை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று பாருங்கள். துக்கத்தில் இருக்கிறவரிடம் தப்பாக ஒரு வார்த்தை சொன்னால் அது வருடக்கணக்கில் காதில் கேட்கும் என்று தெரிந்துகொண்டீர்கள். அதனால் தாயியிடம் எதுவுமே சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்துவிட்டீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. உங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது, அதிலிருந்து தப்பிக்க அவரைத் தனியே விட்டுவிட்டீர்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று வருந்தாதீர்கள். உங்களுக்கே இது தெரிந்திருக்கிறது. தெரிந்ததால்தான் காய்ச்சல் பொய்யையும் பிளாட்பாரத்தையும் யாரும் கேட்காமலே எழுதியிருக்கிறீர்கள்.

என்னிடம் வருகிறவர்கள் பலர் இழப்பைச் சுமந்துகொண்டு வருகிறவர்கள். அசட்டுத்தனமாகப் பேசிய உறவினர்களைப் பற்றிக் கோபமாகச் சொல்வார்கள். சொல்லிச் சொல்லி அந்தக் கோபம் ஆறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் "அவ வரவே இல்லை மேடம்" என்று ஒரு சிநேகிதியைப் பற்றிச் சொல்லும்போது கோபம்கூட இருக்காது, குரல் இறங்கிவிடும். உங்கள் சித்தி தவறாகப் பேசினார், ஆனால் வந்து கட்டிப்பிடித்தார். தாயி உங்களைப் பற்றி என்ன சொல்வார்?

நல்லதுக்குக் கூப்பிட்டால் போகணும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போகணும் என்று நம் ஊரில் சொல்லி வளர்க்கப்பட்டவர் நீங்கள். அங்கே துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் என்ன பேசுகிறார்கள்? பெண்கள் கட்டிக்கொண்டு அழுவார்கள். ஆண்கள் கையைத் தொட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போய்விடுவார்கள். பேச ஏதும் இல்லை என்பது அந்த வழக்கத்துக்கே தெரியும். உங்களுக்கு மராத்தி போதவில்லை என்கிறீர்கள். இந்த விஷயத்துக்குத் தமிழும்தான் போதாது.

அப்புறம் அந்த ஆரஞ்சு. உங்கள் அப்பா போனதற்கு எத்தனையோ பேர் ஏதேதோ சொன்னார்கள். ஒரு வார்த்தையும் சொல்லாதவரைத்தான் நீங்கள் நன்றியோடு எழுதியிருக்கிறீர்கள். என்ன செய்ய வேண்டும் என்பதை அவரிடமே கற்றுக்கொண்டீர்கள், அதையே அவருக்குத் திருப்பிச் செய்ய ஏன் இவ்வளவு பயம்? லோக்கல் ரயிலில் ஜன்னல் சீட்டு என்பது என்ன விலை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நான்காவதாக ஒட்டிக்கொள்ளவே எவ்வளவு பாடு!

ஹல்தி குங்குவைப் பற்றியும் ஒரு வரி எழுதிவிட்டு ஓடிவிட்டீர்கள். கணவரை இழந்தவர்களை அதற்கு அழைக்காத பழக்கம் இன்னும் நிறைய இடங்களில் இருக்கிறது. எல்லோரையும் சேர்த்துக்கொண்டு நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் பெட்டியில் எப்படி என்று மற்ற பெண்களிடம் இப்போதே, சங்கராந்திக்கு முன்பே பேசுங்கள். குங்குமத் தட்டு அவரைத் தாண்டிப் போகிற கணத்தில் யோசித்தால் எல்லோருக்கும் சங்கடம். அவர்கள் என்ன முடிவு செய்தாலும் எள்ளுருண்டைக்குத் தடை ஏதும் இல்லை. 'திள்குள் க்யா, கோட் கோட் போலா', எள்ளும் வெல்லமும் வாங்கிக்கொள்ளுங்கள், இனிமையாகப் பேசுங்கள் என்று சொல்லி அங்கே எல்லோருக்கும் கொடுப்பார்கள். அவருக்கான உருண்டையை நீங்கள் வீட்டில் பிடித்துக் கொண்டுபோங்கள்.

ஆனால் சங்கராந்தி வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்குப் பழைய பெட்டியில் ஏறுங்கள். காய்ச்சல் கதையை விளக்க ஆரம்பிக்காதீர்கள், விளக்கினால் அவர் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். "வந்திருக்கணும், வரலை" என்று உடைந்த மராத்தியில் சொன்னால் போதும். எப்படி நடந்தது என்று கேட்காதீர்கள், அவராகச் சொன்னால் கேளுங்கள். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லாதீர்கள். ஏதாவது சொல்லியே ஆக வேண்டும்போல் இருந்தால், 'மீ ஆஹே நா'. நான் இருக்கேன் இல்ல. அந்த அளவு மராத்தி உங்களுக்கு வரும்.

அவர் முகம் திருப்பிக்கொள்ளலாம். ஒரு மாதத்துக் கோபம் அது, அவருக்கு அந்த உரிமை உண்டு. பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். சி.எஸ்.எம்.டி. வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். துக்க வீட்டில் சொல்லக் கூடாததை ரயிலில் சொல்லலாம் என்பதால், இறங்கும்போது "உத்யா பேட்டூ", நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு இறங்குங்கள். மறுநாளும் அதே பெட்டியில் ஏறுங்கள்.