மேற்கு பார்த்த மனையில் கண்ணாடி முகப்பு வேண்டாம்

கேள்வி: மதுரையில் மேற்கு பார்த்த 40-க்கு 60 மனை இருக்கிறது. கீழே கடைகள், மேலே இரண்டு மாடிகளில் வாடகை வீடுகள் கட்டப் போகிறோம். ஜிம்பாப்வேயில் ஏசி இல்லாமலே குளுகுளுவென இருக்கும் வணிக வளாகம் பற்றிப் படித்தேன். அதுபோல இங்கே கட்ட முடியுமா? இன்ஜினியரோ முகப்பு முழுக்கக் கண்ணாடி போடலாம் என்கிறார்.
- வாசகர், மதுரை

பதில்: நீங்கள் படித்தது ஹராரேயில் 1996-இல் திறந்த ஈஸ்ட்கேட் சென்டர். வடிவமைத்தவர் மிக் பியர்ஸ். கரையான் புற்றைப் பார்த்து வந்த யோசனை. கீழே கடைகள், மேலே அலுவலகங்கள். ராத்திரிக் குளிர்காற்றை மின்விசிறிகள் உள்ளே தள்ள, அந்தக் குளிர்ச்சியைக் கான்கிரீட் பிடித்துவைத்துப் பகலில் விடுகிறது. ஹராரே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே இரவு நன்றாகக் குளிர்கிறது. மதுரையில் மே மாத ராத்திரியே புழுங்குகிறது, கான்கிரீட் எங்கிருந்து குளிர்ச்சியைப் பிடிக்கும்? அதனால் அப்படியே காப்பியடிக்க வேண்டாம். நமக்கு முதல் வேலை வெயிலை உள்ளே விடாமல் இருப்பதுதான்.

கண்ணாடி முகப்பு வேண்டவே வேண்டாம். சாயங்காலம் 4 மணி வெயில் சாய்ந்து அடிக்கும், ஜன்னலுக்கு மேல் 2 அடி சன்ஷேடு போட்டாலும் அதுக்குக் கீழே புகுந்து வந்துவிடும். கடைகளை உள்ளே தள்ளி முன்னால் 6 அடி தாழ்வாரம் விடுங்கள், வாடிக்கையாளர் நிற்கவும் நிழல் கிடைக்கும். மாடியில் படிக்கட்டு, பாத்ரூம் எல்லாவற்றையும் மேற்குப் பக்கம் வையுங்கள், அவையே வீட்டுக்கு வெயில் தடுப்பு. படுக்கையறை கிழக்கே போகட்டும், பெரிய ஜன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும் வரட்டும். மேற்கில் காற்றுக்காகத் திறப்பு வேண்டுமென்றால் சுட்ட மண் ஜாலி, அதாவது காற்று புகும் துளைகள் உள்ள கற்கள் வையுங்கள். படிக்கட்டின் உச்சியில் மழை உள்ளே வராதபடி சாய்ந்த பட்டைகள் கொண்ட லூவர் வைத்தால் மேலே சேரும் சூடு அந்த வழியாக வெளியேறிவிடும்.

மொட்டை மாடிதான் பகல் முழுக்கக் காய்வது, அங்கே வெள்ளை கூல் ரூஃப் டைல்ஸ் பதியுங்கள். சோலார் வைத்தால் பேனலின் நிழலும் லாபம். 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும், நாளுக்கு 4 யூனிட் கிடைக்கும். கடைகள் ஓடுவது பகலில் என்பதால் அந்த மின்சாரம் அங்கேயே செலவாகிவிடும், இது கடையும் வீடும் சேர்ந்த கட்டடத்துக்கு இருக்கும் பெரிய வசதி. அப்புறம், ஃபேன் எல்லாம் பிஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ளது) வாங்குங்கள், பழைய ஃபேன் 75 வாட் இழுக்கிற இடத்தில் இது 30 வாட்டில் ஓடும்.

பிளான் இன்னும் அப்ரூவலுக்குப் போகவில்லை என்றால், இன்ஜினியரிடம் படிக்கட்டையும் பாத்ரூமையும் முதலில் மேற்கே நகர்த்தி வரையச் சொல்லுங்கள். டைல்ஸ், சோலார், ஃபேன் எல்லாம் பிறகுகூட மாற்றலாம், படிக்கட்டும் பாத்ரூமும் இருக்கும் இடத்தை மாற்ற முடியாது.