ஆர்.என்.ஏ. இருக்கிறது, புரதத்தைக் காணோம்

கேள்வி: முதுகலை ஆய்வுக்காகப் பழ ஈயின் சூலகத்தில் ஆஸ்கர் மரபணுவைப் பார்க்கிறேன். கருவின் வயிறும் இனச்செல்களும் (பிறகு முட்டையாகவோ விந்தாகவோ ஆகும் செல்கள்) எங்கே உருவாக வேண்டும் என்று தீர்மானிப்பது அது. சூலகத்தை அரைத்துச் செய்த ஆர்.டி.-பி.சி.ஆரில் (ஆர்.என்.ஏ.வை அளக்கும் சோதனை), புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ. தாராளமாக இருக்கிறது. ஆனால் ஆஸ்கர் புரதத்தில் ஒட்டி அதைக் காட்டும் ஆன்டிபாடி போட்டால் பெரும்பாலான முட்டைகளில் புரதம் இல்லை. சிலவற்றில் மட்டும் பின்முனையில் பிறை மாதிரி தெரிகிறது. ஆன்டிபாடி கெட்டுவிட்டதா?

பதில்: அந்தப் பிறை தெரிகிறதே, அப்புறம் என்ன! ஆன்டிபாடி நன்றாகத்தான் இருக்கிறது. புதுக் குப்பி வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

ஆஸ்கர் ஆர்.என்.ஏ. உருவாவது முட்டையை ஒட்டியிருந்து அதற்கு ஊட்டும் 15 செவிலி செல்களில். அங்கிருந்து முட்டைக்குள் வரும்போதே, புரதமாகிவிடாதபடி அதன் வாயைக் கட்டிவிடுகிறார்கள். புரூனோ என்ற புரதம் ஆர்.என்.ஏ.வின் வால்பகுதியைப் பிடித்துக்கொண்டு, ‘கப்’ என்ற இன்னொரு புரதத்தைச் சேர்த்துக்கொள்ளும். தலைப்பக்கத்தில் இருக்கும் இ.ஐ.எஃப்.4இ என்ற புரதத்தைக் கப் பற்றிக்கொள்ளும். புரத உற்பத்தியைத் தொடங்க உதவும் இ.ஐ.எஃப்.4ஜி வந்து உட்கார வேண்டிய இடம் அது. அங்கே ஆள் இருந்தால் புரதம் செய்யும் ரைபோசோம் ஏற முடியாது. ஆர்.என்.ஏ.வை இடம் சேர்க்க உதவும் ஸ்டௌஃபன் என்ற புரதத்தின் துணையோடு பின்முனை போய்ச் சேர்ந்த பிறகுதான் கட்டு அவிழும். அது முட்டை வளர்ச்சியின் ஏறத்தாழ 9-ஆம் நிலையில்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? 1992-ல் ஆய்வாளர்கள் ஆன் எஃப்ருசியும் ரூத் லேமனும் ஆஸ்கரை முன்முனைக்குத் திருப்பிவிட்டுப் பார்த்தார்கள். தலை வர வேண்டிய பக்கம் இன்னொரு வயிறு வந்தது. இனச்செல்களும் அங்கேயே முளைத்தன.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. அரைத்தால் எல்லா நிலை முட்டைகளும் கலந்துவிடும், அளவு தெரியுமே தவிர இடம் தெரியாது. ஈக்களுக்கு 2 நாள் ஈஸ்ட் பசை கொடுத்துச் சூலகத்தை எடுங்கள். முட்டைகளை நிலைவாரியாகப் பிரித்து, ஒரே முட்டையில் ஆர்.என்.ஏ.வையும் புரதத்தையும் சேர்த்துச் சாயமிடுங்கள். 9-ஆம் நிலைக்கு முன்பே புரதம் வந்தால் புரூனோவின் பிடி தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 10-ஆம் நிலையிலும் ஆர்.என்.ஏ. பின்முனைக்கு வரவில்லையென்றால் ஸ்டௌஃபன் பக்கம் தேடுங்கள்.

ஒப்பீட்டுக்கு ஆஸ்கர் ஆர்.என்.ஏ.வே இல்லாத ஈயை எடுத்துவிடாதீர்கள். பலரும் வழுக்கும் இடம் இது. புரதமாகாமலேயே அந்த ஆர்.என்.ஏ.வுக்குத் தனி வேலை உண்டு. அது இல்லாவிட்டால் முட்டை வளர்ச்சியே பாதியில் நின்றுவிடும். ஆர்.என்.ஏ. இருந்து புரதம் மட்டும் உருவாகாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.